கிராத வம்சத்தாரின் அடையாள அட்டை

வீரபாண்டி பனியன் கம்பெனியில் நான் ஆபீஸ் கிளார்க். இஸ்திரி போடும் நேபாளத்துக்காரர் ஒருவர், கழுத்துவரை பொத்தான் மாட்டியவர், மூன்றாம் முறையாக அடையாள அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். முதலில் பெயருக்குப் பின்னால் ‘கூர்க்கா’ என்று போட்டிருந்தோம், பிறகு ‘பகதூர்’, இப்போது ‘நேபாளி’.

“நாங்க கிராத வம்சமுங்க. லிச்சவி ராஜாக்களுக்கு முன்னாடியே காத்மாண்டுப் பள்ளத்தாக்க ஆண்டவிங்க.”

“ராஜ வம்சம் எதுக்குங்க இங்க வந்து இஸ்திரி போடுது?”

“ராஜ்யம் போயிருச்சுங்க. பேராவது சரியா இருக்கட்டுங்க.”

அன்று ஷிப்மெண்ட் நாள், தலைக்கு மேல் வேலை. “கிராதகன்!” என்று பல்லைக் கடித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அதேதானுங்க! சரியாச் சொன்னீங்க!”

கொடியவர்களைத் திட்டும் சொல் அது என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கிராத்’ என்று அட்டையைத் திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரையும் அப்படித் திட்ட எனக்கு நா எழவில்லை.