கன்னிச்சாமி கேட்ட போன்

எங்கள் குலசாமி ஒரு கன்னிப்பெண். உசிலம்பட்டிக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில் ஒரு பாழுங்கிணற்றடிதான் அவளுக்குக் கோயில். மாசியில் பொங்கல் வைத்ததும் பெரியப்பா அவள் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் தேங்காய் உடைபடும். "சிரிச்சுக்கிட்டே கெணத்துல எறங்கி ஆத்தா சாமியாயிட்டா" என்று முடிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும். வருஷா வருஷம் அதே இடத்தில் தழுதழுக்கும்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது கே.கே. நகரிலிருந்து வேனில் போனோம். வழி நெடுக அத்தை என் கையை விடவேயில்லை. அப்பாவின் கடைசித் தங்கை அவள். அவளை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தி, போனையும் பிடுங்கிப் பெரியப்பா தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். கும்பிட்டு முடிந்ததும் சாமி முன்னாலேயே அவளுக்கு மாப்பிள்ளை நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. அவள் மனசில் வேறொருவர் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

பெரியப்பா கதையில் கிணற்றுக்கு வந்தார். "சிரிச்சுக்கிட்டே..."

"இல்ல பெரியப்பா, அவ அண்ணங்கதான புடிச்சுத் தள்ளிவிட்டாக?" என்றேன்.

உறுமிச் சத்தம் நின்றது. அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யாருடி சொன்னா ஒனக்கு?"

முதல் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் அத்தைதான் சொன்னாள். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆண்கள் காதில் விழாமல் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி வரும் கதை அது. அது ரகசியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அத்தை பேரைச் சொன்னால் அவளைக் கொன்றே போடுவார்கள் என்பது மட்டும் அப்பாவின் கண்ணில் தெரிந்தது. பயத்தில் புளுகினேன்.

"சாமிதான் சொன்னுச்சு."

அவ்வளவுதான்! வெளியே விடாத சங்கதி சின்னப்பிள்ளை வாயில் வந்தால் அது சாமிதானே! பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அள்ளி அப்பினார். ஊரையே மிரட்டும் பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தெரியாமப் பேசிட்டேன், ஆத்தா. என்ன வேணும், சொல்லு தாயி."

எனக்கென்ன வேண்டும்? எழுந்து கைகட்டி நின்றவரின் பையிலிருந்து அத்தையின் போன் எட்டிப் பார்த்தது. அதில் நல்ல நல்ல விளையாட்டெல்லாம் இருந்தது.

"அத்தை போனு வேணும்" என்றேன்.

இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். ஓர் ஆட்டம் முடிப்பதற்குள் அத்தை அதை வாங்கிக்கொண்டு கருவேல மரங்களுக்குள் போனாள். பெண்கள் அத்தனை பேரும் எழுந்து குறுக்கே நின்று குலவை போட ஆரம்பித்தார்கள். அதுவரை அம்மா அம்புட்டுச் சத்தமாகக் குலவை போட்டு நான் கேட்டதில்லை. சற்று நேரத்தில் ரோட்டில் ஒரு பைக் கிளம்பிப் போனது.

அத்தை இப்போது திண்டுக்கல்லில் தன் மனசிலிருந்தவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு நான்தான், பாதி ஆட்டத்தில் போனைப் பிடுங்கிவிட்டாளே என்று வீடு வரும்வரை அழுதேன். மொட்டைமாடியில் கதை கிணற்றுக்கு வந்தபோது அவள் ஏன் அப்படித் தேம்பினாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவள் சொன்னது சாமி கதை என்றுதான் நினைத்திருந்தேன்.