இரண்டு பாட்டில் பிரேக் ஆயில்

போன மழைக்காலத்தில், தோப்பும்படிப் பாலத்தில் நடந்தது இது. மட்டாஞ்சேரியில் எங்களுக்கு மிளகு வியாபாரம். மலைக்குப் போய்ச் சரக்கு ஏற்றிவர வாங்கிய, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று உண்டு. காலையில் என் ஓரகத்தி ஓட்டுவாள், மதியத்துக்கு மேல் நான். ஓணத்துப் பாயசத்தில் தொடங்கிய ஏதோ ஒரு சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. சாவியைக்கூட ஆணியில் மாட்டிவிட்டுப் போவோமே தவிர, கையில் கொடுக்கமாட்டோம்.

வண்டி எடுக்கும் முன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் பார்ப்பேன். தினமும் கொஞ்சம் குறைந்திருக்கும். கிழட்டு வண்டி, அப்படித்தான் குடிக்கும் என்று என் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடுவேன். ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தால் தரையெல்லாம் மழை ஈரம். எது ஆயில், எது தண்ணீர்?

அன்று கொட்டுகிற மழை. நேற்றுத்தானே நிரப்பினேன் என்று பானட்டைத் திறக்காமல் கிளம்பி, ஓரகத்தியின் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தேன். பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் கால் அடிவரை போகிறது. முன்னால் மீன் லாரி. கியரைக் குறைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். லாரியை இடிக்க ஒரு முழம் இருக்கையில் ஜீப் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பவே நேரமாயிற்று.

பானட்டைத் திறந்தால், ஒரு சொட்டு ஆயில் இல்லை! நேற்று நிரப்பியது ஒரே நாளில் எங்கே போகும்? ஒன்றும் பிடிபடவில்லை. எவனாவது திருடிவிட்டானோ என்றுகூட நினைத்தேன். பிரேக் ஆயிலை எவன் திருடுவான்?

அவள் பிள்ளையாயிற்றே, சொல்லாமல் இருக்க முடியுமா? ஓரகத்திக்குப் போன் போட்டேன்.

"அய்யோ சேச்சி, மோளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அழுதாள். பிறகு, "இன்னிக்கு என் பாட்டில் தீந்துபோச்சு, அதான் ஊத்தலை" என்றாள்.

"நீயும் ஊத்துவியா?"

"டெய்லி காலைல ஊத்துவேனே. நீங்களுமா?"

ஆளுக்குக் கொஞ்சம் என்று ஊற்றி ஊற்றி, பெரிய ஒழுக்கை இரண்டு பேருமாக மூடி வைத்திருந்தோம். ஒர்க் ஷாப்பில் பின்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே முழுக்க ஆயிலில் ஊறிக் கிடந்தது.

ஒழுக்கைச் சரிசெய்துவிட்டோம். பாயசச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. ஆனாலும் தினமும் சாவியை என் கையில் வைத்து, "சேச்சி, இன்னிக்குக் குறையலை" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு வண்டியில் ஏறவே தைரியம் வருகிறது.