டோனி எட்டிப் பார்த்த கிணறு

பனிக்காலம் வந்தால் இந்தக் கனடாவில் மனுசர் வாசலில் உப்பை அள்ளி எறிகிறார்கள். வந்து இத்தனை வருசமாகியும் எனக்கு இது ஒத்துவரவில்லை. படியில் பிடித்த ஐஸ் உருகுவதற்குத்தான் என்று தெரியும். ஆனாலும் மண்ணில் உப்பைப் போட என் கை கூசுகிறது. நான் தீவுக்காரி. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த வேலணையில் பிறந்த எவருக்கும் நிலத்தில் உப்பைக் கண்டால் பயிர் கருகப்போகிறது என்றுதான் தோன்றும். அதனால் மோர்னிங்சைட்டில் எங்கள் தெருவிலேயே என் வீட்டுப் படிதான் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு கிடக்கும்.

பக்கத்து வீட்டு டோனி இத்தாலியக் கிழவர். என் குப்பைத்தொட்டியை இழுத்து வந்து வைத்துவிட்டு, உப்புப் போடாததற்கு என்னைத் திட்டிவிட்டுத்தான் போவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "உப்புப் போட்டால் கிணறு கெட்டுவிடும். எனக்கொரு கிணறு இருக்கிறது." மனுசன் வெலவெலத்துப் போனார். வீட்டுப் பின்வளவில் நான் களவாகக் கிணறு வெட்டிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்! அடுத்த நாள் வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்க்கிறார். "சிட்டி ஆபீஸ்காரருக்குத் தெரியுமா?" என்று ரகசியமாக வேறு கேட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. நான் விளங்கப்படுத்தவில்லை. சொன்னது பொய்யும் இல்லையே.

கிணறு உண்மையிலேயே என்னுடையது. ஐயா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த தோட்டக்காணியில் இருப்பது. நான் கனடாவுக்கு வந்துவிட, தம்பி சிவம் அதில் வெங்காயம் நட்டான். அயலெல்லாம் வந்து அள்ளிய நல்ல தண்ணீர் அது. இப்போது மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டிப் பயிரை அழுகவைத்துவிட்டுக் கடலுக்கு ஓடுகிறது. பிறகு மாதக்கணக்கில் எட்டியும் பார்ப்பதில்லை. கடல் வாய்க்காலுக்குள் ஏறுகிறது. கிணறு உப்புக் கரித்துச் சவராகிவிட்டது. குடிக்கிற தண்ணீரைக்கூடப் பவுசர் வண்டியில் விலைக்கு வாங்குகிறான். விதை வெங்காயத்துக்குப் போட்ட காசு மண்ணோடு போனது. உப்பேறிய காணிக்கு வங்கி கடன் தருவதில்லை, வாங்கவும் ஆளில்லை. இந்த உலகத்தைச் சூடாக்கியதில் சிவத்தின் பங்கு ஒரு பழைய வோட்டர் பம்பின் புகை. இங்கே எங்கள் தெரு முழுக்க ஹீட்டர்கள் உறுமுகின்றன, வாசலுக்கு வாசல் கார்கள் சூடேறிக்கொண்டு நிற்கின்றன, என்னுடையதும்தான். பில் மட்டும் அவனுக்குப் போகிறது. நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன கிழமை தொலைபேசியில் சிவம் மென்று விழுங்கினான்.

"அக்கா, வவுனியாவில மச்சான் ஒரு வேலை பாத்து வச்சிருக்கிறார். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனா..."

"என்னடா ஆனா?"

"இது உங்கட சீதனக் காணியெல்லோ. நீங்கள் ஒருநாள் திரும்பி வந்தா கிணறு இருக்கவேணுமெண்டுதான் இவ்வளவு நாளும் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

வெங்காயத்துக்காக நிற்கிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்! நான் இனி ஊரோடு போய் இருக்கப்போவதில்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சொல்லாமல் விட்டதை நம்பி அவன் சவர்த் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நான் வரமாட்டன், சிவம். நீ பிள்ளையளோட வெளிக்கிடு."

"அப்ப கிணத்தை மூடட்டோ அக்கா?"

"வேண்டாம். ஆடுமாடு விழாமல் மேல தகரத்தைப் போட்டிட்டுப் போ."

இன்று காலை டோனி குப்பைத்தொட்டியோடு வந்து என் படியருகே சறுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் வீட்டு வாசலில் இருந்த உப்புப் பையை எடுத்துவந்து, என் படி முழுக்க அள்ளி அள்ளி எறிந்தேன். அவர் திகைத்துப்போய் நின்றார்.

"அப்போ உன் கிணறு?"

"கெட்டுப்போச்சு, டோனி" என்றேன். தமிழில்தான் வந்தது.

அவருக்கு என்ன விளங்கியதோ, தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என் பின்வளவைப் பார்த்தார். அங்கே வெறும் பனிதான் கிடந்தது. நானும் அவருக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்தேன்.