வரி கட்டும் மாப்பிள்ளை

இன்று வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸில் நானும் நண்பன் கேதீசும்.

இருவருக்கும் ஒரே வேலை. வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக்காரருக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறோம். என்ன, அவன் ஒரு கொம்பனி பதிந்து வைத்திருக்கிறான். அதில் ஆள் அவன் மட்டும்தான்.

இதுவரை எங்களிடம் வரி கேட்காத அரசாங்கம் இப்போது கேட்கிறது. கேதீஸ் பஸ் முழுக்கக் கேட்கப் புலம்பினான்: "என்ரை கொம்பனிக்கும் வரி போட்டிட்டாங்கள் மச்சான்!"

முன் சீற்றில் இருந்த அன்ரி திரும்பினார். "தம்பி கொம்பனி வச்சிருக்கிறீரோ?"

"ஓம் அன்ரி. டைரக்டர்."

"வரி கட்டுற அளவுக்கோ! கலியாணம் முடிஞ்சுதோ?"

தன் அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். சாதகக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நம்பரும் கொடுத்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. "நானும் உதே வேலைதான் அன்ரி. உதே வரிதான் நானும் கட்டுறன்."

"உமக்கும் கொம்பனி இருக்கோ?"

"இல்லை, வீட்டிலை இருந்து செய்யிறன்."

"ஓ… வீட்டிலையோ நிக்கிறீர்?" அன்ரியின் முகத்தில் அப்படி ஒரு இரக்கம். "கவலைப்படாதையும். உந்தத் தம்பியின்ரை கொம்பனியிலை ஒரு வேலை கேட்டுப் பாருமன்."

"யோசிப்பம் அன்ரி" என்றான் கேதீஸ்.

கொம்பனி பதிய என்னென்ன வேண்டும்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வரிக்காகக் கேட்கவில்லை.