ரத்தப் பொருத்தம்

என் முதல் பிரசவத்துக்கு முன் மார்த்தாண்டத்தில் டாக்டரம்மா விளக்கினார்: "உனக்கு நெகட்டிவ் ரத்தம், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். பிள்ளைக்கும் பாசிட்டிவா இருந்தா, உன் உடம்பு அந்த ரத்தத்தை எதிரியா நினைச்சு சண்டைக்குத் தயாராகும். அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. இப்பமே ஊசி போடணும்."

கூட வந்த மாமியார் கொதித்துவிட்டார். "எனக்க மோனுக்க ரத்தத்துல என்ன குறை?"

"குறையில்லம்மா. பொருந்தல, அவ்வளவுதான்."

"எட்டுப் பொருத்தம் பாத்துல்லா கெட்டி வச்சோம்!"

என் கணவர் சுவரிலிருந்த குழந்தைப் படத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டுக்கொண்டேன். மகள் பிறந்ததும் அவள் ரத்தத்தைச் சோதித்தார்கள். என்னைப்போலவே நெகட்டிவ். இனி ஊசி வேண்டாம் என்றார் நர்ஸ். மாமியார் பேத்தியை வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"மூக்கு எங்களுக்க மூக்காக்கும். ரத்தத்தை மருமவளே வச்சுக்கிடட்டு," என்றார்.