தோள்பட்டை வலி என்றாள்

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, ‘வேலை பார்க்கலாம்’ என்று சீட்டு எழுதிக் கொழுந்து பறிக்க அனுப்பியவன் நான். எஸ்டேட் டாக்டராக இருந்தபோது செய்த காரியம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் குன்னூர் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். அதில் பழையதெல்லாம் கிளம்பி வந்துவிட்டது...

நீலகிரியில், பிக்கட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட். காலையில் சங்கு ஊதும். சிஸ்டர் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைப்பார். பாக்டரியில் வாடும் இலையின் வாசனை மூடுபனியோடு டிஸ்பென்சரிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனைக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

மழை விட்டு வெயில் அடித்தால் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். அப்போது லீவு கேட்கிறவர்கள் எல்லாம் நடிக்கிறார்கள் என்பது மேனேஜரின் கட்சி. எனக்கும் அது தொற்றியிருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் தங்கமணி வந்தாள். இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவள்.

“அடிவயிறு வலிக்குதுங்க டாக்டர். தோள்பட்டையும் குத்துதுங்க.”

“கொழுந்துச் சாக்கு தூக்குற தோள் வலிக்காம என்ன செய்யும்?”

“சாக்கு எனக்குப் பழக்கமுங்க. இது படுத்தா ஜாஸ்தியாகுதுங்க.”

“அப்படின்னா படுக்காதே.”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆபரேஷன் ஆனவளிடம் அதை எதற்குக் கேட்பது?

பத்து மணிக்கு அவளைப் படுதாவில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். கை ஜில்லென்று இருந்தது. இமையை விலக்கினால் உள்ளே வெளுப்பு. நாடி பறந்தது. வயிறு பலகை மாதிரி. ஸ்கேனுக்கு எங்கே போவது? வயிற்றில் ஊசி குத்தி இழுத்தேன் — உறையாத ரத்தம்.

கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருந்தது. கருத்தடை செய்தவர்களுக்கும் அபூர்வமாக அப்படி நடப்பதுண்டு. படுத்தால் ரத்தம் மேலே ஏறி உதரவிதானத்தை உறுத்தும். வலி தோளில் தெரியும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதிப் பாஸானவன்தான் நான்.

இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினேன். தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கட்டும் என்று ஊட்டிக்குப் போன் செய்தேன். கொழுந்து லாரியில், அவள் கால்களை உயர்த்திப் பிடித்தபடி போனோம். பாதி வழியில் கண் திறந்தாள்.

“லீவு சீட்டு குடுத்துட்டீங்களாங்க?”

பிழைத்துக்கொண்டாள். நான்தான் அந்தக் கேள்வியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்தில், மேனேஜர் முன்னால் சொன்னேன்: “தங்கமணி சொன்னது நிஜம். நான்தான் காதுல வாங்கலை. மன்னிச்சுக்கம்மா.” அவள் சாக்கை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டாள்.

பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? லீவு வேண்டியவர்கள் எல்லோரும், “படுத்தாத் தோள் வலிக்குதுங்க” என்று வர ஆரம்பித்தார்கள்! ஒருவர் விடாமல் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தேன், ரிட்டையர் ஆகும் வரை. முக்கால்வாசி நடிப்புதான். இருக்கட்டுமே.

போன வாரம் மார்க்கெட்டில், காய்கறிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றேன். எதிரே தங்கமணி. தலை முழுக்க நரைத்திருந்தது.

“தோள் வலிக்குதுங்களா டாக்டர்?”

“ஆமாம்மா. பை கனம்.”

பையை வாங்கிக்கொண்டாள். சிரிக்காமல் கேட்டாள்:

“படுத்தா ஜாஸ்தியாகுதுங்களா?”