கேட்காமல் பரிமாறிய கணினிகள்

ஐப்பசி மாதத்து முதல் சந்தை நாளில் நான் எழுதிவைத்த குறிப்பு இது: "முதல் கணினி மறுபடியும் நின்றுவிட்டது. மற்ற நான்கும் சும்மா இருக்கின்றன."

செம்மேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து பழைய கணினிகளை இணைத்து வைத்திருக்கிறோம். மிளகு விவசாயிகள் சிலர் சேர்ந்து வாங்கியவை; பராமரிப்பது நான். தோட்டத்தைப் படமெடுத்து அனுப்பினால், எந்தக் கொடி மஞ்சளாகி வாடுகிறது என்று வரைபடமாகக் காட்டும். எந்த வேலை எந்தக் கணினிக்கு என்பதை ஒரு மென்பொருள் முடிவு செய்யும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று, ஒரு கணினி நிரம்பிய பிறகே அடுத்ததை அது எழுப்பும். ஆனால் நிரம்பியதா என்பதை, அவரவர் போனில் 'இவ்வளவு நினைவகம் வேண்டும்' என்று குறித்த அளவை வைத்தே கணக்கிடும். வேலை உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்காது.

அன்று திருப்புலி நாடு என்ற பக்கத்து மலைப்பகுதியிலிருந்து ஓர் அக்கா வந்தார், கையில் ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு.

"ஏனுங்க, எம்பட தோட்டத்து வரைபடம் இன்னும் வரலீங்களே. வாடல் அடுத்த மரத்துக் கொடிக்குத் தாவுதுங்க. மழை விட்டிருக்கறப்பவே மருந்து ஊத்தோணும்."

"எவ்வளவு வேணும்னு குறிச்சீங்க?"

"இருக்கறதுலயே கொஞ்சந்தானுங்க. பொது மெசினு. நானே அள்ளிக்கிட்டா நல்லாவாங்க இருக்கும்?"

பார்த்தேன். எல்லோருமே அப்படித்தான் குறித்திருந்தார்கள். அதனால் எல்லா வேலையும் முதல் கணினியிலேயே குவிந்து, அது மூச்சுமுட்டி நின்றிருக்கிறது.

என் மனைவி சிரித்தாள். "சாப்பாட்டுலயும் இப்படித்தானுங்கக்கா நீங்க. போதும் போதும்பீங்க. ரெண்டாவது உருண்டை களி வெச்சா மட்டும் காணாமப் போயிருது."

"நீ வெச்சே, தின்னேன் கண்ணு. நானா கேட்டேன்?"

அவர் சொன்னது சரி. இங்கே யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பரிமாறுகிறவர்தான் இலையைப் பார்க்க வேண்டும். போனில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். மென்பொருளையும் மாற்றினேன்: அதே மாதிரி வேலை முன்பு எவ்வளவு நினைவகம் எடுத்தது என்று இனி அதுவே பார்த்துக்கொள்ளும். எந்தக் கணினியில் அதிக இடம் இருக்கிறதோ அதற்கு அனுப்பும். சிறிது நேரத்தில் ஐந்தும் இரைய ஆரம்பித்தன. அக்கா சந்தையில் உப்பும் கருவாடும் வாங்கித் திரும்புவதற்குள் வரைபடம் வந்துவிட்டது.

"இத்தன மரத்துக் கொடியா!" என்று திகைத்தவர், பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாளே மருந்து ஊற்றிவிட்டார்.

வாடல் அதற்கு மேல் பரவவில்லை. மருந்து நேரத்துக்குப் போனதாலா, அந்த வாரம் முழுக்க வெயில் அடித்து, நோய் பரப்பும் ஈரம் காய்ந்ததாலா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.